கோணேசர் மலையின் கடலடியில்: இயற்கைவாதமும் நாமும்

சென்ற வருடம் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி ஒன்று கொடுத்திருந்தேன். தலைப்பு, சுனாமி. 2004இல் கடல் வந்தபோது அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் அதைப் பற்றிக் கேட்டு வளராத பிள்ளை கிடையாது. ஒரு மாணவனின் கட்டுரையில் முதல் பந்தி முழுக்கப் புவித்தட்டுகள், நிலநடுக்கம், அலையின் வேகம். கடைசிப் பந்தியில் அது அல்லாஹ்வின் தண்டனை என்று எழுதியிருந்தான். இரண்டு பந்திகளையும் 'எனவே' என்ற ஒரே சொல்லால் கட்டியிருந்தான்.

தமிழ் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? "மகன், இந்த 'எனவே' எப்படி வந்தது? முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி எப்படிப் பிறக்குது?" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கும் அது வெளங்கல்ல சேர். மேல உள்ளது சயன்ஸ் சேர் சொன்னது. கீழ உள்ளது ஜும்ஆவுல கேட்டது. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கெண்டா, அல்லாஹ்வுக்கு என்ன வேல மிச்சம் இருக்கு சேர்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. பின்வாங்கில் ஒருவன் "அஸ்தஃபிருல்லாஹ்" என்றான். கேட்டவன் குறும்புக்காரன் அல்லன். ஐந்து நேரமும் பள்ளிக்குப் போகிற பிள்ளை. அன்று மணி அடித்தது எனக்கு நல்லதாய்ப் போயிற்று. ஏனென்றால், அவன் கேள்விக்குச் சொல்வதற்கு என்னிடம் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. கேள்வியோ புதியதல்ல. நமது துறைமுகத்தின் கடலடியிலும், நமது சமூகத்தின் பழைய ஏடுகளிலும் அது பலமுறை கேட்கப்பட்டிருக்கிறது. அந்த வரலாற்றைத் தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

இயற்கைவாதம் என்பது யாது?

இருப்பதெல்லாம் இயற்கையே, அதற்கு வெளியே இறைவனோ, மலக்கோ, ஆன்மாவோ, மறுமையோ இல்லை, நடப்பதெல்லாம் இயற்கையின் ஒழுங்கின்படியே நடக்கின்றது என்னும் உலகப் பார்வையையே இயற்கைவாதம் என்கிறோம். இது மேற்கிலிருந்து நேற்று இறக்குமதியான சரக்கு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. மணிமேகலையில் ஒவ்வொரு சமயத்தவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுவரும் நாயகி பூதவாதியிடமும் கேட்கிறாள். சில பொருள்கள் கூடிப் புளிக்கும்போது கள்ளில் வெறி பிறப்பதைப் போல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கின்றது என்பது அவன் வாதம். நீலகேசியில் பூதவாதத்துக்கென்றே ஒரு சருக்கம் உண்டு. அரபு மரபில் இத்தகையோரை 'தஹ்ரிய்யா' என்றனர். இவ்வுலக வாழ்வன்றி வேறில்லை, காலத்தைத் தவிர நம்மை அழிப்பது எதுவுமில்லை என்று சொன்னோரைப் பற்றி ஸூரா அல்ஜாஸியாவின் 24ஆம் வசனம் பேசுகின்றது. அவர்களின் கூற்றை மறைக்காமல் எடுத்துச் சொல்லிவிட்டே அல்குர்ஆன் அதற்குப் பதில் சொல்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணம் தேடுவது ஆய்வு முறை. இயற்கைக்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டுவது உலகப் பார்வை. முதலாவதை ஏற்றவர் இரண்டாவதையும் ஏற்றே ஆகவேண்டுமா? என் மாணவனின் 'எனவே'க்குள் ஒளிந்திருந்த கேள்வி இதுதான்.

ஒரே கடலடி, இரண்டு மனிதர்கள்

திருகோணமலையில் கடலைப் பார்த்து முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாக நிற்கும் கோணேசர் மலையை அறியாதார் இல்லை. அதன்மேல் இருந்த புகழ்பெற்ற கோயிலைப் போர்த்துக்கேயர் 1624இல் இடித்தனர். கற்களிற் பல கோட்டை கட்டப் பயன்பட்டன. பல கடலில் வீழ்ந்தன. முந்நூறு வருடங்களுக்கு மேலாக அவை மீன்களுக்கு மட்டுமே தெரிந்த இடிபாடுகளாகக் கிடந்தன.

1956இல் இரண்டு ஆங்கிலேயர்கள் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். செய்மதிகளைப் பூமத்திய ரேகைக்கு மேலே உரிய உயரத்தில் நிறுத்தினால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே கணக்குப்போட்டு எழுதியவர், விஞ்ஞானப் புனைகதையாளர். மற்றவர் அவரது நண்பர் மைக் வில்சன். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சுழியோடி, புகைப்படக்காரர். இருவரும் கோணேசர் மலையடியில் சுழியோடினர். செதுக்கிய தூண்களையும் கட்டடக் கற்களையும் கண்டனர். கிளார்க் 1957இல் வெளியிட்ட இலங்கைக் கடல் பற்றிய நூலில் இதனை எழுதியிருக்கிறார். கடலடியிலிருந்து வில்சன் வெளிக்கொணர்ந்த இலிங்கம் ஒன்று மலைமீதிருந்த கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே வில்சன்தான் 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை இயக்கினார். வர்ணத்தில் வந்த முதல் முழுநீளச் சிங்களப் படம் அது. கடலடிக் காட்சிகள் திருகோணமலையில் எடுக்கப்பட்டன. அதற்கு ஒரு வருடம் முன்னர், 1961இல், தென்கடலில் கிரிந்தைக்கு அப்பாலுள்ள பெரிய பாறைத்தொடரில் மூழ்கிய கப்பலொன்றை அவர் கண்டிருந்தார். அதில் கட்டிகட்டியாக இறுகிக் கிடந்த வெள்ளிக் காசுகள், முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயரால் சூரத் நாணயசாலையில் அடிக்கப்பட்டவை. அவற்றிலிருந்த ஹிஜ்ரி ஆண்டு 1113. கிறிஸ்து ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1702. கப்பலின் பெயர் தெரியாமலேயே அதன் காலத்தைக் காசிலிருந்த எழுத்து காட்டிக்கொடுத்தது. யாருக்கும் கனவில் வந்து எவரும் சொல்லவில்லை. இருப்பதைப் பார்த்து, படித்து, ஒப்பிட்டு அறிந்தார்கள். ஆய்வு முறை என்று நான் சொன்னது இதனைத்தான். இதில் எந்த முஸ்லிமுக்கும் மறுப்பு இருக்க முடியாது.

இனி இருவரின் பிற்காலத்தைப் பார்ப்போம். கிளார்க் 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பில் காலமானார். எந்தச் சமயத்தின் சடங்கும் தமது அடக்கத்தில் இடம்பெறக் கூடாது என்று எழுதிவைத்திருந்தார்; அவ்வாறே பொரளை மயானத்தில் அடக்கினார்கள். துன்பம் வந்தால் நாத்திகனும் இறைவனை அழைப்பான் என்று நாம் மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கிளார்க் 1962இல் கடும் முடக்குநோய்க்கு ஆளானவர். கடைசி வருடங்களைச் சக்கர நாற்காலியில் கழித்தவர். அவர் பார்வை மாறவில்லை. அவரது 1979ஆம் ஆண்டு நாவலொன்றில், நாம் பாவா ஆதம் மலை என்று சொல்லும் மலையை மாதிரியாகக் கொண்ட ஒரு மலை வருகின்றது. வேற்று நட்சத்திரத்திலிருந்து வரும் அறிவுப்பொறி ஒன்று மனிதரின் இறையியல் வாதங்களைக் கலைத்துப்போடுவதும் அதே நாவலில்தான்.

மைக் வில்சனோ நேர்எதிர்த் திசையில் போனார். பின்னாளில் உலக வாழ்வைத் துறந்து, சுவாமி சிவ கல்கி என்ற பெயருடன் கதிர்காம முருகனின் அடியாராகி, 1995இல் அப்படியே மறைந்தார்.

எனக்கு இந்த இடத்தில்தான் யோசனை ஓடியது. இருவரும் இறங்கியது ஒரே கடல். பார்த்தது ஒரே கல். அந்தக் கல் எப்போது, யாரால் கடலில் வீழ்ந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்க முடியாது. ஆயினும் ஒருவர் இயற்கைக்கு அப்பால் எதுவுமில்லை என்ற பார்வையுடன் போனார், மற்றவர் காவி உடுத்தார். கல் இருவரில் எவரையும் அந்த முடிவுக்குக் கட்டாயப்படுத்தவில்லை. நாம் வில்சனின் வழியையும் ஏற்பவர்கள் அல்லர், கிளார்க்கின் வழியையும் ஏற்பவர்கள் அல்லர். ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்ததும் உலகப் பார்வை தானாக முடிவாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடக் கிட்டிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கோவூர் நமக்குச் செய்த நன்மை

இலங்கையில் இயற்கைவாதத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். 1959இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின் பேய், சூனியம், மறுபிறப்பு, சோதிடம் என்று வந்த ஒவ்வொன்றையும் நேரில் போய் விசாரித்தார். உறையிலிட்டு மூடிய நாணயத்தாளின் இலக்கத்தைப் படிப்பது, நீர்மேல் நடப்பது போன்ற ஏதாவதொன்றை ஏமாற்றின்றிச் செய்து காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவல் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அதனை வெல்லவில்லை. தமது கண்களையும் உடலையும் தானம் செய்துவிட்டுப் போனார். உடலியல் பேராசிரியர் கார்லோ பொன்சேகாவும் தீமிதிப்பை ஆராய்ந்து, கால் சுடாமைக்கு அருள் தேவையில்லை, உடலியலும் பௌதிகமும் போதும் என்று காட்டினார்.

கோவூரின் பெயரைச் சொன்னாலே நம்மில் சிலருக்கு முகம் சுருங்கும். நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு சிறுவனுக்கு வலிப்பு வந்தது. ஜின் பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நூல் கட்டினார்கள், தகடு புதைத்தார்கள், ஆடு அறுத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாத்திரையில் வலிப்பு அடங்கியது. போன ஒன்றரை வருடமும், அந்தப் பிள்ளைக்குத் தவறிப்போன படிப்பும் திரும்பி வரவில்லை. எந்த நோய்க்கும் மருந்துண்டு, சிகிச்சை செய்யுங்கள் என்று கற்பித்த நபியின் (ஸல்) உம்மத்தில் இது நடந்தது. ஜின் உண்டென்று நானும் ஈமான் கொண்டவன்தான். ஆனால் நோயை நோயென்று சொல்ல அன்று எங்கள் வீட்டில் ஆளிருக்கவில்லை. கோவூரைப் போன்ற ஒருவர் அன்று அந்த வாசலில் நின்று நாலு கேள்வி கேட்டிருந்தால் அவருக்கு நான் கடமைப்பட்டிருப்பேன்.

ஆயினும் போலியைக் கண்டுபிடித்தவர் அசலே இல்லையென்று சொல்வாராயின், அங்கே அவர் கைச்சான்றைத் தாண்டிப் போகிறார். கள்ள நோட்டைப் பிடித்தவன் மத்திய வங்கியே இல்லையென்று சொல்ல முடியாது. கோவூர் தோற்கடித்தது மந்திரவாதிகளை. படைத்தவனைப் பற்றிய கேள்வி அந்த ஒரு இலட்சம் ரூபாயின் நிபந்தனைகளுக்குள் அடங்கியதல்ல.

அலையும் செய்மதிப் படமும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் இந்தியத் தட்டு நழுவியது. ரிக்டர் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் அளவில் 9.1. ஆயிரத்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்ட பிளவு. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் நமது கரைக்கு அலை வந்தது. கிண்ணியா வைத்தியசாலையையும் அது விட்டுவைக்கவில்லை. அந்நாட்களில் பாலம் இல்லை. பாதையில்தான் கிண்ணியாத் துறையைக் கடக்க வேண்டும். எனக்கு அப்போது இருபது சொச்சம் வயது. அன்று தூக்கிய ஜனாஸாக்களின் பாரம் இன்னும் தோளில் இருக்கிறது.

சில நாட்களில் ஒரு படம் கைக்குக் கை மாறியது. களுத்துறைக் கரையில் அலை பின்வாங்கும் நேரத்தில் செய்மதி எடுத்தது. நுரைச் சுழிகள் அரபியில் 'அல்லாஹ்' என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். நானும் பிரதி எடுத்து வைத்திருந்தேன்; மறைக்கவில்லை. பெருநாளுக்குப் பிறகும் அது வீட்டுச் சுவரில் இருந்தது. அதைப் பார்த்த என் மூத்தம்மா கேட்டார்: "அல்லாட பேர எழுதுறத்துக்கு எங்கட புள்ளையள்ற உசிரா மனே மை?" படத்தைக் கழற்றிவிட்டேன்.

தண்டனை என்று சொன்னவர்களின் நோக்கம் கெட்டதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேச்சால் யார் எதை இழந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், தான் செய்த பாவம் எதுவென்று தேடத் தொடங்கினாள். இன்னொரு நட்டமும் உண்டு. பசிபிக் சமுத்திரத்தில் 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்தில் 2004இல் இல்லை. தண்டனை என்று முடித்துவிட்டால், ஏன் நமக்கு எச்சரிக்கை வரவில்லை என்ற கேள்வியே பிறவாது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நம்மைப்போல் கலிமாச் சொன்ன ஒரு ஊரைப் பார்க்கலாம். நிலநடுக்கம் பிறந்த இடத்துக்கு மிகக் கிட்டிய சிமெலூ தீவு, இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைச் சேர்ந்தது, மக்கள் முஸ்லிம்கள். 1907இல் அங்கு பெரிய அலை வந்து பலரைக் கொன்றது. நிலம் பலமாக ஆடி, கடல் வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்ற அறிவை அவர்கள் 'ஸ்மொங்' என்ற பெயரில் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தனர். 2004இல் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் ஏழுபேர் என்று அறிவிக்கப்பட்டது. அவர்கள் தொழுகையை விட்டவர்கள் அல்லர். கடலின் நடத்தையை நினைவில் வைத்திருந்தவர்கள். நமது கரையிலோ, கடல் உள்வாங்கியதைப் புதினம் பார்க்க எத்தனை பேர் இறங்கிப் போனார்கள்!

நமது மரபு சொல்வது

நபிகளாரின் (ஸல்) மகன் இப்ராஹீம் சிறு பிள்ளையாக வபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. கி.பி. 632 ஜனவரியில் என்று கணிக்கின்றனர். பிள்ளையின் மறைவுக்காகவே சூரியன் மறைந்தது என்று மதீனாவில் பேச்சு எழுந்தது. துக்கத்தில் இருந்த தந்தைக்கு அதைவிட ஆறுதலான அற்புதம் கிடைக்குமா? பேசாமல் இருந்திருந்தாலே போதும். ஆனால் அவர்கள் எழுந்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள், தொழுதார்கள். பொய்யான அற்புதம் மறுக்கப்பட்டது, தொழுகை நிலைநாட்டப்பட்டது. இரண்டும் ஒரே நாளில், ஒரே மனிதரால்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தத்துவவாதிகளை மறுத்து எழுதிய தஹாஃபுத்தின் முன்னுரையிலேயே கிரகணத்தை எடுத்துக்கொள்கிறார். வானியலார் கணக்கோடு நிறுவியதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன், மார்க்கத்துக்கே கேடு செய்கிறான் என்பது அவரது எச்சரிக்கை. பிற்பகுதியில், நெருப்புப் பட்ட பஞ்சு எரிவது நெருப்பின் சொந்த வல்லமையால் அல்ல, அல்லாஹ் ஏற்படுத்திய வழமையால் என்கிறார். காரணங்களை மறுப்பது அறிவையே மறுப்பதாகும் என்று சுமார் எண்பது வருடங்களுக்குப் பின் இப்னு ருஷ்த் அவருக்குப் பதில் எழுதினார். இருவரும் வாதாடியது நெருப்பின் வல்லமை எங்கிருந்து வருகின்றது என்பதைப் பற்றி. நெருப்புச் சுடும் என்பதைப் பற்றி அல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சர்ச்சை நமது பக்கத்துக்கும் வந்தது. இறைவனின் சொல்லும் இறைவனின் செயலாகிய இயற்கையும் முரண்பட முடியாது என்று சர் செய்யித் அஹ்மத் கான் சொன்னார். அவர் கூட்டத்தாரை 'நேச்சரிகள்' என்று பட்டம் சூட்டி ஏசினார்கள். ஹைதராபாத்தில் இருந்த ஜமாலுத்தீன் அல்-ஆப்கானி 1881இல் நேச்சரிகளை மறுத்துப் பாரசீகத்தில் ஒரு நூலே எழுதினார். அடுத்த வருடம் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கடுத்த வருடம் ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு இங்கு வந்தார். நவீன கல்வியைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று அந்தத் தலைமுறை நமக்குச் சொன்னது. நூற்றுநாற்பது வருடம் போய்விட்டது. இன்றும் நமது பிள்ளை இரண்டு பந்திகளுக்கு நடுவே 'எனவே' போட்டுவிட்டுத் தடுமாறுகிறான் என்றால் பிழை பிள்ளையுடையது அல்ல.

என் மாணவனின் கேள்விக்கு மிகக் கிட்டிய பதிலை நான் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில் கண்டேன். ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது அவர்கள் படையுடன் பாதிவழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்குப் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பசுமையான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் எங்கு ஒட்டகத்தை மேய்த்தாலும் அது அவன் விதியே அல்லவா என்று உவமையும் காட்டினார்கள். தொற்று என்ற காரணமும் விதிக்கு வெளியே இல்லை. அதிலிருந்து விலகுவதும் விதிக்கு வெளியே இல்லை.

இதைத்தான் அடுத்த கிழமை வகுப்பில் சொன்னேன். காரணம் கண்டுபிடிக்கப்படும் இடமெல்லாம் அல்லாஹ் பின்வாங்கும் இடம் என்று நினைத்தால், விஞ்ஞானம் வளர வளர நமது ஈமான் சுருங்கும். காரணங்களின் முழு ஒழுங்கும் அவனுடையது என்று நினைப்பவனுக்கு அந்தப் பயம் இல்லை. இந்த ஒழுங்கு ஏன் இருக்கிறது, நாம் ஏன் நல்லவர்களாக இருக்க வேண்டும், இறந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்ற கேள்விகளுக்கு நிலநடுக்கமானி பதில் தராது. அவற்றுக்கு இயற்கைவாதி ஒரு பதில் வைத்திருக்கிறார், நாம் ஒரு பதில் வைத்திருக்கிறோம். அவருடையதும் ஆய்வுகூடத்தில் அளந்து எடுத்த பதில் அல்ல.

"அப்ப கிளார்க் பிழையா சேர்?" என்று கேட்டான்.

"கல்லைப் பற்றிச் சொன்னதில் பிழையில்லை மகன். கல்லோடு எல்லாம் முடிஞ்சுபோச்சு எண்டதில்தான் நான் அவரோட ஒத்துப்போகல்ல. ஆனா அவர் யோசிச்சுச் சொன்னவர். யோசிச்சவருக்குப் பதிலையும் யோசிச்சுத்தான் சொல்லணும்."

அவன் முழுத் திருப்தியுடன் உட்கார்ந்தான் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தலையை ஆட்டினான், அவ்வளவுதான். கட்டுரையைத் திருத்தி எழுதிவந்தபோது முதல் பந்தி அப்படியே இருந்தது. 'எனவே' இல்லை. தண்டனை என்ற பந்தியும் இல்லை. அந்த இடத்தில், கடல் வாங்கினால் எந்தத் தெருவால் எந்த மேட்டுக்கு ஓடவேண்டும் என்று தன் ஊர் வழியை எழுதியிருந்தான். அதன்கீழே, அன்று போன தன் பெரியம்மாவுக்கும் அவர் பிள்ளைகள் இருவருக்கும் ஒரு துஆ.